பைத்தான் எழுதுவோர்க்குச் சில கைக்கருவிகள்

(ஆனைமலையில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பைத்தான் மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி நாலு விஷயம் சொல்லும்படி நம் செயலாளர் கேட்டுக் கொண்டார். கூடவே ஓர் உத்தரவும் போட்டார். “இங்க பாதிப் பேரு தோப்புக்காரங்க, மீதிப் பேரு ரிட்டயர் ஆனவங்க. அவங்களும் தூங்காம இருக்கோணும், பாத்துக்க” என்றார். முயற்சி செய்கிறேன்.

ஒரு சிறு ஏற்பாடு. நிரல் வரிகளை உள்ளபடி எழுதினால் மலரை அச்சுக் கோப்பவர் என்னோடு சண்டைக்கு வருவார். ஆகவே கட்டளைகளின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். மாணவர்கள் கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ள வேண்டியது.

பைத்தான் என்றதும் பலரும் மலைப்பாம்பை நினைக்கிறார்கள். டாப்ஸ்லிப் பக்கத்தில் இருக்கிற நமக்கு அந்த நினைப்பு வருவது நியாயம்தான். ஆனால் இந்தப் பெயர் ‘மான்டி பைத்தான்’ என்ற ஆங்கில டி.வி. நகைச்சுவைத் தொடரிலிருந்து வந்தது. நெதர்லாந்துக்காரரான கீடோ வான் ராஸம் என்பவர் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுதத் தொடங்கி, 1991 பிப்ரவரியில் வெளியிட்டார். அதே 1991-இல்தான் உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடின் முதல் பதிப்பும் வந்தது. இரண்டுக்கும் அப்போது ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3-இல்தான் எழுத்துச் சரம் என்றாலே யூனிகோடு என்று ஆயிற்று. பழைய பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுபோனது. இன்னும் யாராவது அதை வைத்திருந்தால் தயவுசெய்து மாறிக்கொள்ளுங்கள். வரலாறு இவ்வளவு போதும்.

சந்தையில் தேங்காய் வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? தட்டிப் பார்க்கிறோம், காதருகில் ஆட்டிப் பார்க்கிறோம். வெளியே பார்த்தால் எல்லாக் காயும் ஒரே மாதிரிதான் இருக்கும். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற தமிழ்ப் பெயரும் அப்படித்தான். பைத்தானில் நான் அன்றாடம் எடுக்கிற கருவிகளில் பெரும்பாலானவை இந்தத் தட்டிப் பார்க்கிற வேலைக்கானவை. வேகமாக எழுதுவதற்கான கருவிகளை நீங்களே கண்டுபிடித்து விடுவீர்கள், அதற்கு நான் தேவையில்லை.

நடந்த ஒரு விஷயத்தை வைத்தே சொல்கிறேன்.

நம் பக்கத்தில் ஓர் உழவர் குழு இருக்கிறது. பெயர் வேண்டாம். உறுப்பினர்கள் தேங்காயைக் குழுவிடம் போடுவார்கள், குழு மொத்தமாக விற்றுப் பணத்தை அவரவர் பேங்க் கணக்கில் செலுத்தும். ஒவ்வொரு வெட்டுக்கும் யார் எத்தனை கிலோ போட்டார்கள் என்பதை ஒரு பையன் செல்போனில் தமிழிலேயே தட்டி ஒரு பட்டியல் செய்வான். கணக்கு எண்ணோடு கூடிய உறுப்பினர் பட்டியல் தனியாக ஒன்று உண்டு. அது பல வருஷத்துக்கு முன் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து, பிற்பாடு யூனிகோடுக்கு மாற்றியது. இரண்டையும் பெயரை வைத்துச் சேர்த்துப் பணப் பட்டியல் தயாரிக்க யாரோ ஒருவர் பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தார். முந்நூறு பேருக்கு மேல் உள்ள பட்டியல். பெரும்பாலோருக்குப் பணம் ஒழுங்காகப் போனது. பத்துப் பதினைந்து பேருக்கு மட்டும் போகவில்லை. அதுவும் வெட்டுக்கு வெட்டு அதே ஆட்கள்.

அவர்களில் ஓர் ஆத்தா. எழுபது வயதைத் தாண்டியவர், ஒன்றரை ஏக்கர் தோப்பு, துணைக்கு ஆள் கிடையாது. மூன்று வெட்டுப் பணம் வரவில்லை. குழு ஆபீசில் கேட்டால் “பேங்க்ல கேளுங்க” என்றார்கள், பேங்கில் கேட்டால் “எங்களுக்குப் பட்டியல்ல உங்க பேரே வரலீங்க” என்றார்கள். “ஏங் கண்ணு, பேரு இல்லீங்கறாங்க, நான் இங்கதான நிக்கறேன்?” என்று என்னிடம் கேட்டார். அவர் பெயர் ‘பொ’ என்ற எழுத்தில் தொடங்கும் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

இரண்டு பட்டியலையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் பெயர் இரண்டிலும் இருக்கிறது. ஓர் எழுத்துக்கூட வித்தியாசம் தெரியவில்லை. பைத்தானைக் கேட்டால் ‘இரண்டும் வேறு’ என்கிறது. கண் பொய் சொல்கிறதா, மெஷின் பொய் சொல்கிறதா?

இங்கேதான் முதல் கருவி. ‘லென்’ என்ற கட்டளை ஒரு சரத்தின் நீளத்தைச் சொல்லும். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு லென் போட்டுப் பாருங்கள். நமக்கு மூன்று எழுத்து, பைத்தான் 5 என்று சொல்லும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து தனித்தனி எண்களாக அது வைத்திருக்கிறது. யூனிகோடில் தமிழ் எழுத்துக்களுக்கான பகுதியில் இருப்பது 128 இடம். 247 எழுத்தும் தனித்தனியாக அதில் இல்லை. உயிர், அகர மெய், குறிகள் என்றுதான் இருக்கின்றன. இது சரியா தவறா என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். 2010 ஜூனில் நம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று, எல்லா எழுத்துக்கும் தனி இடம் உள்ள டேஸ்-16 முறையை மாற்றாக வைத்துக்கொண்டது. நடைமுறையில் செல்போன் முதற்கொண்டு எங்கும் ஓடுவது யூனிகோடுதான். ஆகவே அதன் குணம் தெரிந்து பழகுவதே நல்லது.

அந்த ஆத்தாவின் பெயருக்கு லென் போட்டபோது ஒரு பட்டியலில் வந்த எண்ணை விட மற்றொன்றில் ஒன்று கூடுதலாக வந்தது. அடுத்த கருவி, ‘ஆர்ட்’. ஓர் எழுத்தைக் கொடுத்தால் அதன் எண்ணைச் சொல்லும். செல்போன் பட்டியலில் ‘ஒ’கரக் குறி 3018 என்ற ஒரே எண்ணாக இருந்தது. பழைய பட்டியலில் 3014, 3006 என்று இரண்டு எண். அதாவது ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி. திரையில் வரும்போது இரண்டும் ஒரே ‘பொ’தான்.

இது எப்படி வந்தது என்றால், பழைய எழுத்துருக்களில் டைப்ரைட்டர் மாதிரி முதலில் கொம்பு, பிறகு ‘ப’, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்போம். யூனிகோடில் ‘ப’ முதலில் வர வேண்டும், குறி பின்னால். மாற்றிக் கொடுத்த மென்பொருள் கொம்பைத் தூக்கிப் பின்னால் வைத்தது. காலோடு சேர்த்து ஒன்றாக்காமல் விட்டுவிட்டது. அவ்வளவுதான் சமாசாரம். அந்தக் காலுக்கும் கொம்புக்கும் நடுவே ஒரு கிழவியின் மூன்று வெட்டுப் பணம்.

மருந்து ஒரே வரி. ‘யூனிகோட்-டேட்டா’ என்று ஒரு தொகுப்பு பைத்தானோடேயே வருகிறது. அதில் ‘நார்மலைஸ்’ என்ற கட்டளைக்கு ‘என்.எஃப்.சி.’ என்று சொல்லிச் சரத்தைக் கொடுத்தால், பிரிந்து கிடக்கிற கொம்பையும் காலையும் சேர்த்து ஒன்றாக்கித் தரும். ஒ, ஓ, ஔ மூன்று குறிகளுக்கும் இது பொருந்தும். தமிழ்ச் சொல் எங்கிருந்து உள்ளே வந்தாலும் சரி, ஃபைல், படிவம், மெசேஜ் எதுவானாலும், வாசலிலேயே இதைச் செய்துவிட வேண்டும். உள்ளே விட்டபிறகு அங்கங்கே செய்துகொண்டிருந்தால் ஓரிடத்தில் நிச்சயம் விட்டுப் போகும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ‘விலை’ என்று பெயர் வைத்தால் ஓடும். அந்தப் பெயர்களைப் பைத்தான் தானாகவே இதுபோல ஒழுங்கு செய்துகொள்கிறது. ஆனால் நாம் மேற்கோள் குறிக்குள் கொடுக்கிற சரத்தைத் தொடுவதில்லை. தன் வீட்டைக் கூட்டிக்கொள்ளும், நம் வீட்டை நாம்தான் கூட்ட வேண்டும்.

சரி, எல்லாம் தீர்ந்ததா என்றால் இல்லை. பத்துப் பதினைந்தில் பாதிப் பேர்தான் இதில் வந்தார்கள்.

‘கௌசல்யா’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஔகாரக் குறி போட்டு எழுதுவது ஒன்று. ‘கெளசல்யா’ என்று கொம்பு போட்டு, ‘ள’ என்ற எழுத்தையே அடித்துவிடுவது இன்னொன்று. அச்சில் பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் பின்னது உண்மையில் ‘கெ, ள’ என்ற இரண்டு எழுத்து. என்.எஃப்.சி. இதைத் திருத்தாது, திருத்தவும் கூடாது. ‘ள’ ஒரு நியாயமான எழுத்து, அது எங்கே வரலாம் என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு எல்லா ‘ெள’வையும் ‘ௌ’ ஆக்கினால் ‘வெள்ளிங்கிரி’ என்ன ஆகும் பாருங்கள். கொம்பு, ‘ள’, புள்ளி. அவர் வௌ-வில் மாட்டிக்கொண்டு நிற்பார். ‘ள’வுக்குப் பின் புள்ளியோ வேறு குறியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்று என்று எழுதலாம். அப்போதும் நடுவில் ‘வெளங்காடு’ மாதிரி ஏதாவது ஒன்று அகப்படும். ஆகவே நான் மாற்றுவதில்லை. ‘இது சந்தேகம்’ என்று தனியே எழுதி வைத்து ஓர் ஆளிடம் காட்டுகிறேன்.

‘ஸ்ரீ’ இன்னொரு தொல்லை. இதில் ‘ஸ’ வைத்தும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்த்த ‘ஶ’ வைத்தும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஸ்ரீதர், ஸ்ரீதேவி, ஸ்ரீரங்கம் எல்லாம் இந்த வலையில் உண்டு. இதை மட்டும் தைரியமாக ஒரே வகைக்கு மாற்றிவிடலாம், வேறு சொல் கெடாது.

பிறகு கண்ணுக்கே தெரியாத எழுத்துக்கள். பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வருவது சகஜம், அதை ‘ஸ்ட்ரிப்’ நீக்கிவிடும். ஆனால் அகலமே இல்லாத இணைப்புக் குறிகள் என்று சில இருக்கின்றன. தட்டச்சுப் பலகைகளும் பழைய மாற்றிகளும் அவற்றைப் போட்டுவிடும். ஸ்ட்ரிப் அவற்றை வெற்றிடமாகவே கருதாது. இதற்குக் கருவி ‘ரெப்ர்’. பெயரை ரெப்ர் வழியாக அச்சிட்டால் ஒளிந்திருக்கிறவர் வெளியே வந்து நிற்பார். ஆனால் ரெப்ர் தமிழ் எழுத்தைத் தமிழாகவே காட்டும், ஆகவே கொம்பும் கால் பிரிந்ததும் அதில் தெரியாது. அதையும் பார்க்க வேண்டுமானால் ‘ஆஸ்கி’ என்ற கட்டளை. எல்லாவற்றையும் எண்ணாக உரித்துக் காட்டிவிடும். மட்டை, நார், சிரட்டை எல்லாம் தனித்தனியாக.

எக்ஸெலில் இருந்து சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் சில சமயம் ஃபைலின் முதல் இடத்தில் இப்படி ஒரு மறைவுக் குறி உட்கார்ந்திருக்கும். முதல் பத்தியின் தலைப்பு ‘பெயர்’ என்று கண்ணுக்குத் தெரியும்; பைத்தான் ‘பெயர் என்று பத்தியே இல்லை’ என்று சாதிக்கும். மாணவர்கள் அரை நாள் இதில் தலையைப் பிய்த்துக் கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஃபைலைத் திறக்கும்போது எழுத்து முறை ‘யூ.டி.எஃப்.-8-சிக்’ என்று குறிப்பிட்டால் அந்தக் குறியைத் தானே விழுங்கிவிடும். எழுத்து முறையைச் சொல்லாமல் ஒருபோதும் ஃபைலைத் திறக்காதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுவது அடுத்தவர் விண்டோஸில் பூச்சி பூச்சியாக வரும்.

அப்புறம், நம் கொங்குப் பெயர்கள். வேலுச்சாமி, வேலுசாமி. பழனிச்சாமி, பழனிசாமி. ஒற்று மிகுமா மிகாதா என்று தமிழாசிரியர் ஐயாவைக் கேட்டால் அவர் ஒன்று சொல்வார், ரேஷன் கார்டு இன்னொன்று சொல்லும். இதற்கு ‘டிஃப்-லிப்’ என்ற தொகுப்பில் ‘கெட் குளோஸ் மேட்சஸ்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு பெயரைக் கொடுத்தால் பட்டியலில் அதற்கு நெருங்கிய பெயர்களை எடுத்துத் தரும். அருமையான கருவி. ஆனால் பணம் அனுப்புவதை அதன் கையில் கொடுக்கக் கூடாது. ‘ப. வேலுச்சாமி’யும் ‘பொ. வேலுச்சாமி’யும் அதற்கு ஏறக்குறைய ஒரே ஆள். அவர்கள் இரண்டு தெருவில் இருக்கிற பங்காளிகள், பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் தேங்காய்ப் பணம் மற்றவர் கணக்கில் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பைத்தான் யோசனை சொல்லட்டும், முடிவை ஊர் தெரிந்த ஆள் எடுக்கட்டும்.

‘பேரை வெச்சு ஏன் சேர்க்கறீங்க, கணக்கு எண்ணை வெச்சுச் சேர்த்தா ஆச்சே’ என்று முன் வரிசையில் ஒரு தங்கை நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. நூற்றுக்கு நூறு சரி. அவர்களும் முதலில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். எக்ஸெலில் நீளமான எண்ணை எண்ணாகவே தட்டினால் 15 இலக்கம் வரைதான் அது நினைவில் வைக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணானால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் பூஜ்யம் இருந்தால் அது காணாமல் போகும். சி.எஸ்.வி. ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து எக்ஸெலில் திறந்து, அப்படியே சேமித்தால் போதும், காரியம் கெட்டுவிடும். எண்கள் சேரவில்லை என்றுதான் பெயருக்குத் தாவியிருக்கிறார்கள்.

கணக்கு எண், போன் எண், பின்கோடு, ஆதார் எண் இவையெல்லாம் பெயருக்குத்தான் எண். இவற்றைக் கூட்டப் போகிறோமா, பெருக்கப் போகிறோமா? சரமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பைத்தானின் சி.எஸ்.வி. தொகுப்பு எதைப் படித்தாலும் சரமாகத்தான் தரும், அது நல்லது. பாண்டாஸ் பயன்படுத்துகிறவர்கள் அந்தப் பத்திகளைச் சரம் என்று வெளிப்படையாகச் சொல்லிப் படிக்க வேண்டும். சொல்லாவிட்டால் அதுவாக எண்ணாக்கி, முன் பூஜ்யத்தைத் தின்றுவிடும்.

இதையெல்லாம் விட எனக்கு வருத்தம் தந்தது வேறு. பெயர் பொருந்தாத ஆளைப் பற்றி அந்தப் புரோகிராம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை? திறந்து பார்த்தால் ‘டிரை’ போட்டு, பிழை வந்தால் ‘பாஸ்’ என்று எழுதியிருந்தது. அதாவது, பிழை வந்தால் வாயை மூடிக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போ. பெயர் கிடைக்கவில்லை என்று பைத்தான் ஒவ்வொரு தடவையும் கத்தியிருக்கிறது. அந்தக் கத்தலைத் தலையணை வைத்து அமுக்கியது அந்த இரண்டு வரி. தம்பிகளே, தங்கைகளே, பிழையைப் பிடிப்பது தப்பில்லை. எந்தப் பிழை என்று பெயர் சொல்லிப் பிடியுங்கள். பிடித்தபின் அந்த வரியை ஒரு ‘நிலுவை’ ஃபைலில் எழுதி வையுங்கள்.

பழைய மண்டிக் கணக்குப்பிள்ளைகள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். காலையில் இறங்கிய மூட்டை, சாயங்காலம் போன மூட்டை, களத்தில் மிச்சம், மூன்றும் பொருந்தினால்தான் பேரேட்டை மூடுவார்கள். அதையே புரோகிராமில் வையுங்கள். உள்ளே வந்த வரி எத்தனை, பணம் போன வரி எத்தனை, நிலுவை எத்தனை? கூட்டினால் சரியாக வர வேண்டும். வராவிட்டால் பட்டியலே வெளியே போகக் கூடாது. இதற்கு ‘அஸெர்ட்’ என்ற கட்டளையைப் பலர் பயன்படுத்துவார்கள். சோதனைக்கு நல்லது, ஆனால் பைத்தானை ஒரு குறிப்பிட்ட விதமாக ஓட்டினால் அஸெர்ட் எல்லாம் தூங்கிவிடும். பண விஷயத்தில் ‘இஃப்’ போட்டு, பொருந்தாவிட்டால் நீங்களே பிழை எழுப்புங்கள்.

‘ஜிப்’ என்று ஒரு கட்டளை, இரண்டு பட்டியலை ஜோடி சேர்க்கும். ஒன்று குட்டையாக இருந்தால் மற்றதன் வாலைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். 2021-இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து அதற்கு ‘ஸ்டிரிக்ட்’ என்று ஒரு சொல் சேர்க்கலாம். சேர்த்தால் நீளம் ஒத்துப்போகாதபோது கத்தும். சேர்த்தே எழுதிப் பழகுங்கள்.

பைசா கணக்குக்கு வருவோம். பைத்தானின் ‘ரவுண்ட்’ 112.5 என்பதை 112 ஆக்கும், 113.5 என்பதை 114 ஆக்கும். சரி பாதி வந்தால் பக்கத்திலுள்ள இரட்டை எண்ணுக்குப் போவது அதன் வழக்கம். கணித முறையில் குற்றமில்லை. ஆனால் “எனக்கு அம்பது பைசா போச்சு, அவருக்கு மட்டும் எப்படீங்க ஏறுச்சு?” என்று ஒரு பெரியவர் கேட்டால் நீங்கள் கணிதம் பேச முடியாது. அதோடு சாதாரணத் தசம எண்கள் உள்ளே இரும எண்ணாக இருப்பதால் 2.675-ஐ இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்தால் 2.67 என்று வரும். பணத்துக்கு ‘டெசிமல்’ தொகுப்பைப் பயன்படுத்துங்கள். எண்ணைச் சரமாகக் கொடுத்து, அரை வந்தால் மேலே ஏற்று என்று அதனிடம் சொல்லிவிடலாம்.

இந்த வேலைகளைச் செய்து முடித்தபின் அந்த ஆத்தாவுக்கு அடுத்த வெட்டோடு பழைய பாக்கியும் சேர்ந்து போனது. நிலுவை ஃபைலில் மீந்த நாலைந்து பெயரைக் குழுத் தலைவர் நேரில் விசாரித்துத் தீர்த்தார். பெயருக்குப் பதிலாக உறுப்பினர் எண் இப்போது நடைமுறைக்கு வந்துவிட்டது.

பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டியபோது வேறொரு சிக்கல் வந்தது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு, “இது என்ன அகர வரிசை? அன்னத்துக்கு அப்புறம் அம்மணி வருது?” என்றார். பைத்தானின் ‘ஸார்ட்டட்’ எண் வரிசைப்படி அடுக்கும். யூனிகோடில் ‘ன’வின் எண் 2985, ‘ம’வின் எண் 2990. நம் வரிசையிலோ ‘ன’ கடைசி. ற, ழ, ள மூன்றும்கூட இடம் மாறித்தான் கிடக்கின்றன. புள்ளியின் எண் அகர மெய்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் என்பதால் பகவதி முன்னே வந்து பக்கிரி பின்னே போய்விடுகிறார். அகராதியில் பக்கிரிதான் முன்.

இதற்கு வழி, சொல்லை முதலில் தமிழ் எழுத்துக்களாகப் பிரிப்பது. பிறகு ஒவ்வோர் எழுத்துக்கும் நம் நெடுங்கணக்கில் எத்தனையாவது இடம் என்று எண் கொடுத்து, அந்த எண்களை வைத்து அடுக்குவது. பிரிக்கிற வேலையை நாமே எழுத வேண்டாம். முத்து அண்ணாமலை தொடங்கி வைத்த ‘ஓப்பன்-தமிழ்’ என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. ‘பிப்’ மூலம் நிறுவிக்கொள்ளலாம். அதில் ‘கெட் லெட்டர்ஸ்’ என்று கேட்டால் ‘தமிழ்’ என்பதை த, மி, ழ் என்று மூன்றாகவே பிரித்துத் தரும். பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றவும் அதில் வசதி உண்டு. தமிழ்ச் சொற்களாலேயே புரோகிராம் எழுத ‘எழில்’ என்ற மொழியை உருவாக்கியவரும் அவரே. அந்த எழில் பைத்தானில்தான் கட்டப்பட்டது.

தமிழ்ப் பெயர்ப் படிவம் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘இஸ்-ஆல்பா’ என்று கேட்டு, எழுத்து மட்டும்தானா என்று சோதிக்காதீர்கள். கொக்கியும் புள்ளியும் அதற்கு எழுத்தல்ல. ‘தமிழ்’ என்ற சொல்லையே அது எழுத்தல்ல என்று தள்ளும். ‘ரீ’ தொகுப்பின் சொல் தேடும் குறியும் அப்படியே; ‘தமிழ்’ என்பதை ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாக வெட்டிப் போடும். ‘ரீஜெக்ஸ்’ என்று தனியாக நிறுவிக்கொள்ளும் தொகுப்பில் முழு எழுத்தை எழுத்தாக எடுக்கிற குறி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், சாப்பாட்டு வாசனை வர ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு வேலைக்கும் ‘வி-என்வ்’ போட்டுத் தனி அறை கட்டிக்கொள்ளுங்கள். ஒரு வேலைக்காக நிறுவிய தொகுப்பு அடுத்த வேலையைக் கெடுக்காது. ‘கிட்’ இல்லாமல் எதையும் எழுதாதீர்கள். பிழை தேட ஊரெல்லாம் ‘பிரிண்ட்’ போடுவதைவிட, சந்தேகமான வரியில் ‘பிரேக்பாயிண்ட்’ என்று ஒரே வரி போட்டால் புரோகிராம் அங்கேயே நிற்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று நிதானமாகக் கேட்டுப் பார்க்கலாம். மூல ஃபைலின் மேல் ஒருபோதும் எழுதாதீர்கள், புதுப் பெயரில் எழுதுங்கள்.

பேசி முடித்தபின் இரண்டு கேள்வி வந்தன. அவற்றையும் மலரில் சேர்க்கச் சொன்னார்கள்.

ஒரு தம்பி, “அண்ணா, இப்பத்தான் ஏ.ஐ. கிட்டக் கேட்டா எல்லாப் புரோகிராமும் எழுதித் தருதே, இதெல்லாம் நாங்க ஏன் படிக்கோணும்?” என்றார். நானும் கேட்டு வாங்குகிறேன், மறைக்கவில்லை. நன்றாகவே எழுதுகிறது. ஆனால் கொம்பும் காலும் பிரிந்த பட்டியல் உங்களிடம் இருக்கிறது என்று அதற்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் நீங்கள் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். எழுதி வாங்கியதில் ‘பாஸ்’ என்று ஓசைப்படாமல் ஒரு வரி இருக்கிறதா என்று தேடவும் கண் பழகியிருக்க வேண்டும்.

என்னோடு படித்து, இப்போது வேட்டைக்காரன்புதூரில் தோப்பு பார்க்கிற நண்பர் இரண்டாவது கேள்வி கேட்டார். “மாப்ளே, எங்க குரூப்புப் பட்டியலும் இப்படித்தான் இருக்குமோ?” என்றார். பட்டியலைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மாணவர்கள் இரண்டு பேர் கூட உட்காருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்; வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு, கம்ப்யூட்டர் லேபில். முதலில் லென், பிறகு ஆஸ்கி, அதன்பின் என்.எஃப்.சி. விருப்பமுள்ள மற்றவர்களும் அவரவர் பட்டியலோடு வரலாம். மூல ஃபைலை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, நகலை மட்டும் எடுத்து வாருங்கள்.